சென்னையிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்: புதுச்சேரிக்காரர்களுக்கான கணக்கு

புதுச்சேரியில் பாரிஸுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. போகிறவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணி நேரம் ஆகும்?" ஒருவர் ஆறு மணி நேரம் என்பார், இன்னொருவர் பத்தரை என்பார், மூன்றாமவர் முழுசாக ஒரு நாள் என்பார். மூன்றும் எங்கிருந்தோ வந்த எண்கள்தான். டிக்கெட்டில் உள்ள இரண்டு கடிகார நேரங்களைக் கழித்தால் ஆறு. விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் பத்தரை. நெல்லித்தோப்பு வீட்டைப் பூட்டியதிலிருந்து பாரிஸில் உறவினர் வீட்டு மணி அடிக்கும் வரை இருபது மணி நேரம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் போடத் தெரிந்தால் எந்த ஊருக்கும் எந்த டிக்கெட்டையும் பார்த்து நீங்களே கணக்குச் சொல்லலாம். கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

முதலில் தூரம்

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17.
பாரிஸ் சார்ல்ஸ் டி கோல்: வடக்கு 49.01, கிழக்கு 2.55.

போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்துத் திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் வந்துவிடும். அதில் டிகிரி முறை இருக்கிறதா, ரேடியன் முறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்குக் கணக்கு தவறுவது இந்த இடத்தில்தான். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். மைனஸ் 0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றுங்கள்.

இனிக் கணக்கு. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.7548 = 0.1697. இதை ஒரு ஓரமாக எழுதி வையுங்கள். அடுத்து, அதே அட்சரேகைகளின் காஸ்களைப் பெருக்குங்கள்: 0.9744 × 0.6559 = 0.6391. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 80.17 − 2.55 = 77.62 டிகிரி. அதன் காஸ் 0.2144. இதை 0.6391-உடன் பெருக்கினால் 0.1370. ஓரமாக வைத்ததையும் இதையும் கூட்டினால் 0.3067. இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹ பொத்தான்) போட்டால் 72.14 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. ஆக, 72.14 × 111.2 = 8,022 கி.மீ.

பூமியை முழு உருண்டையாக வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இதனால் வரும் பிழை அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். பயணத் திட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

விடை தப்பாக வந்தால் தேட வேண்டிய இடங்கள் சில உண்டு.

டிகிரி–நிமிடத்தை அப்படியே தசமமாக அடிப்பது. 12 டிகிரி 59 நிமிடம் என்றால் 12.98, ஏனென்றால் 59-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். 12.59 என்று அடித்தால் சென்னை விமான நிலையம் தெற்கே 43 கி.மீ. நகர்ந்து மாமல்லபுரம் பக்கம் போய்விடும்.

தெற்கு அட்சரேகைக்கு மைனஸ் போட மறப்பது. இதுதான் பெரிய அடி. இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். செயிண்ட் டெனி விமான நிலையம் தெற்கு 20.89, கிழக்கு 55.51. மைனஸ் 20.89 என்று போட்டால் சென்னையிலிருந்து 4,633 கி.மீ. மைனஸை விட்டால் 2,760 கி.மீ. என்று வந்து, தீவு ஓமன் பாலைவனத்தில் போய் நிற்கும். எண் பார்க்க நம்பும்படியாக இருப்பதால் தவறு கண்ணில் படாது.

பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் முறையில் போடுவது. அட்சரேகை வித்தியாசம் 36, தீர்க்கரேகை வித்தியாசம் 77.6 என்று எடுத்து வர்க்கமூலம் போட்டால் 9,500 கி.மீ. வரும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. புதுச்சேரி–பெங்களூரு போன்ற குறுகிய தூரத்துக்குச் சின்னத் திருத்தத்துடன் அது செல்லும், பாரிஸுக்குச் செல்லாது.

அலகு. சில இடங்களில் 4,985 என்று காட்டும், அது மைல். சில இடங்களில் 4,332 என்று காட்டும், அது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மூன்றும் ஒரே தூரம்தான்.

அந்தக் கோடு எங்கே போகிறது

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னைக்கும் பாரிஸுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது மஸ்கட் பக்கம், பாரசீக வளைகுடா, தெற்கு ஈராக், துருக்கி என்று போகும். உருண்டையின் மேல் உள்ள குறுக்கு வழி அதுவல்ல. ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து மகாராஷ்டிரம், கட்ச், சிந்து, ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ், கருங்கடல், ஹங்கேரி, தெற்கு ஜெர்மனி என்று போகும். பாதித் தூரம் காஸ்பியன் கடலின் தென்கரை அருகே முடிகிறது. சென்னையிலிருந்து வடமேற்கே புறப்படும் அதே கோடு, பாரிஸுக்குள் ஏறக்குறைய நேர் மேற்காக நுழைகிறது.

ஆனால் விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஜூனில் ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டபோது எல்லோருமே சுற்ற வேண்டியதாயிற்று. இதனால் பல விமானங்கள் இப்போது போகும் பாதை, நூல் கோட்டை விடச் சுவர் வரைபடத்து ஸ்கேல் கோட்டுக்குத்தான் அருகில் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே ஊருக்குப் போகும் இரண்டு நிறுவனங்களுக்கு நேரம் வேறுபட இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கணக்கில் வந்த தூரத்தோடு 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 8,022 × 1.05 = 8,423 கி.மீ. பதற்றமான காலம் என்றால் 8 சதவீதம் வையுங்கள்.

தூரத்தை நேரமாக்குவது

நீண்ட தூரம் போகும் பெரிய விமானங்கள் ஒலி வேகத்தில் சுமார் 0.85 பங்கில் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் குளிர் மிக அதிகம், அங்கே ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ.தான். அதனால் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வளைகுடா, சிங்கப்பூர் வழிகளில் ஓடும் ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு 830 போடுங்கள். புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர் என்ற சிறிய விசிறி விமானங்களுக்கு 500.

இது காற்றுக்குள் விமானத்தின் வேகம். தரை மேல் எவ்வளவு வேகம் என்பதைக் காற்று முடிவு செய்யும். ஐரோப்பா வழியில் மேலே அடிப்பது பெரும்பாலும் மேற்குக் காற்று. குளிர்காலத்தில் வட இந்தியா, ஈரான் மேல் ஓடும் ஜெட் காற்று மணிக்கு 150 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். வழி முழுக்க அந்த வேகம் இருக்காது என்பதால், சராசரியாகப் போகும்போது 40 கி.மீ. கழித்து, வரும்போது 40 கி.மீ. கூட்டினால் கணக்கு நெருங்கி வரும். டிசம்பர், ஜனவரி என்றால் 70 வையுங்கள்.

நம் ஊர் பக்கம் மட்டும் இதற்கு ஒரு விதிவிலக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடும். 1950-களில் அதை விவரித்தவர் இந்திய வானிலையியலாளர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானத்துக்கு முதுகுப்பக்கம் காற்று கிடைக்கும், வருவதுதான் கொஞ்சம் இழுக்கும். "போகும்போது லேட், வரும்போது சீக்கிரம்" என்பதை வருடம் முழுக்கப் பொருந்தும் விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி வகுத்தல். போகும்போது: 8,423 ÷ 860 = 9.79. இந்த .79 என்பது 79 நிமிடம் இல்லை. 60-ஆல் பெருக்கினால் 48 நிமிடம். ஆக 9 மணி 48 நிமிடம். இதோடு 45 நிமிடம் சேருங்கள்: ஏறுவதும் இறங்குவதும் முழு வேகத்தில் நடப்பதில்லை என்பதற்கு அரை மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் திரும்பி வந்து வாசலில் நிற்பதற்கும் கால் மணி. மொத்தம் 10 மணி 33 நிமிடம். திரும்பும்போது: 8,423 ÷ 940 = 8.96, அதாவது 8 மணி 58 நிமிடம். 45 நிமிடத்தோடு 9 மணி 43 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் முக்கால் மணிக்கு மேல் வித்தியாசம், தூரமோ ஒன்றேதான்.

அந்த 45 நிமிடத்தைத் தூரம் எவ்வளவு குறைந்தாலும் விடாதீர்கள். புதுச்சேரி–பெங்களூரு நேர்கோட்டில் 266 கி.மீ.தான். ஏ.டி.ஆர் வேகத்தில் 32 நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். குறுகிய பயணத்தில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும்தான் பாதி நேரம்.

டிக்கெட்டில் இருக்கும் கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னை நேரம், சேரும் நேரம் பாரிஸ் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தை விட 5.30 மணி முன்னால். பாரிஸ் குளிர்காலத்தில் 1 மணி முன்னால், கோடையில் 2 மணி முன்னால். ஆக நமக்கும் பாரிஸுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் 4.30 மணி, கோடையில் 3.30 மணி. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்தான் மாறும் நாட்கள். ரியூனியனில் இந்த மாற்றம் கிடையாது, எப்போதும் நம்மை விட 1.30 மணி பின்னால். துபாயும் அப்படியே. தோஹா, ரியாத், குவைத் 2.30 மணி பின்னால். சிங்கப்பூர் 2.30 மணி முன்னால்.

எளிய வழி, எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழிப்பது. ஜனவரியில் அதிகாலை 2.10 புறப்பாடு, காலை 8.20 வருகை என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் 8.20 என்றால் இந்திய நேரம் பகல் 12.50. கழித்தால் 10 மணி 40 நிமிடம். நம் கணக்கில் வந்த 10 மணி 33 நிமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, சரி. "ஆறு மணி நேரத்தில் பாரிஸ்" என்று சொல்பவர் 8.20-இலிருந்து 2.10-ஐக் கழித்தவர்.

ஒரு டிக்கெட்டில் இப்படிப் போட்டு வரும் நேரம் உங்கள் கணக்கை விட ஒன்றரை மணிக்கு மேல் கூடுதலாக இருந்தால், நடுவில் எங்கோ இறங்கி ஏறுகிறது என்று அர்த்தம். "நேரடி" என்ற சொல்லை நம்பாமல் நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே விமான எண்ணில் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மறுபடி பறப்பதையும் சிலர் நேரடி என்றே விற்கிறார்கள்.

நடுவில் மாறினால்

துபாய் வழியாகப் போனால் தூரம் கூடிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். சென்னை–துபாய் 2,932, துபாய்–பாரிஸ் 5,239. கூட்டினால் 8,171 கி.மீ. நேர்கோட்டை விட 150 கி.மீ.தான் அதிகம். டெல்லி வழியாக 1,759 + 6,566 = 8,325. இதுவும் 300 கி.மீ.தான் கூடுதல். நேரம் வேறு கதை. அந்த 45 நிமிடச் சேர்க்கை இரண்டு முறை வரும், நடுவில் காத்திருப்பு மூன்று மணி நேரமாவது வரும். மொத்தத்தில் நேரடியை விட நான்கு மணி நேரம் அதிகம். ஆக, மாறிப் போகும் டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் நிறுவனம் வேறு விமானத்தில் ஏற்றிவிடும். தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். புதுச்சேரியிலிருந்து பெங்களூருவுக்குச் சிறிய விமானத்தில் போய் அங்கே வெளிநாட்டு விமானம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். லாசுப்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், விமானங்களும் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாளாக இருக்கலாம். தனி டிக்கெட் என்றால் பெங்களூரில் ஆறு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

சிங்கப்பூர் போகிற கடலூர்க்காரர்களுக்குத் திருச்சியும் உண்டு. சென்னை–சிங்கப்பூர் 2,923 கி.மீ., திருச்சி–சிங்கப்பூர் 2,981 கி.மீ. காற்றில் வித்தியாசம் நான்கைந்து நிமிடம். எந்த ஊர் என்று தீர்மானிக்க வேண்டியது டிக்கெட் விலையையும் தரைவழியையும் வைத்து.

வீட்டிலிருந்து கவுண்டர் வரை

அதிகாலை 2.10 விமானத்துக்கு முந்தைய இரவு 11 மணிக்கு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுகின்றன. புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 150 கி.மீ., காரில் மூன்று முதல் மூன்றரை மணி. கடலூரிலிருந்து இன்னும் முக்கால் மணி சேருங்கள். டயர் பஞ்சர், டோல்கேட் வரிசை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அரை மணி. புதுச்சேரியில் 7 மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் 6.15-க்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும்.

ஞாயிறு மாலை என்றால் இதை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் இழுங்கள். கோரிமேடு, திண்டிவனம் வழியாகப் போனால் ஊருக்குத் திரும்பும் சென்னைக்காரர்களோடு சேர்ந்து கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் பக்கம் ஊர வேண்டியிருக்கும். காலாப்பட்டு வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலும் மாமல்லபுரத்துக்கு மேல் வார இறுதிக் கூட்டம். பொங்கல், தீபாவளி முடிந்து வரும் ஞாயிறுகளில் இரண்டு வழியுமே மோசம்.

பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்து பிடிக்கலாம். விழுப்புரம் வழி ரயிலில் வந்தால் தாம்பரத்தில் இறங்கிப் புறநகர் ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். இரண்டு பெரிய பெட்டிகளோடு இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவர் அந்தப் படிக்கட்டைப் பார்க்காதவர்.

நவம்பர், டிசம்பரில் புயல் அறிவிப்பு இருந்தால் முந்தைய நாளே சென்னைக்குப் போய்த் தங்குவது நல்லது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது, அடுத்த நாட்களில் விழுப்புரம் பக்கம் சாலையும் துண்டிக்கப்பட்டது. போகி அன்று காலையில் புகையால் விமானங்கள் தாமதமாவதும் உண்டு.

கூட்டிப் பாருங்கள். இரவு 7 மணி முதல் 2.10 வரை 7 மணி 10 நிமிடம். விமானம் 10.40. பாரிஸில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றேகால் மணி. ரயிலில் வடக்கு ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து லா ஷப்பேல் பக்கம் வீட்டுக்கும் ஒரு மணி. ஆக 20 மணி 5 நிமிடம். மாத்திரை நேரம், குழந்தைக்குப் பால், போன் சார்ஜ் எல்லாவற்றையும் இந்த இருபது மணி நேரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும், பத்தரையை வைத்து அல்ல.

தேதி

அதிகமாகப் பணம் போவது இதில்தான். "15-ம் தேதி அதிகாலை 2.10" என்றால் 14-ம் தேதி மாலை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15-ம் தேதி இரவுக்குக் கார் சொல்லிவைத்தால் விமானம் போய்ப் பதினேழு மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பும்போது இன்னொரு விதம். பாரிஸில் காலை 10.30-க்குப் புறப்படும் விமானம், 9.45 மணி நேரப் பயணம். ஜனவரியில் 10.30 என்றால் இந்திய நேரம் மாலை 3 மணி. சென்னையில் இறங்குவது நள்ளிரவு 12.45, அதாவது மறுநாள் தேதி. அதே விமானம் அதே நேரத்துக்கு ஜூலையில் புறப்பட்டால் இந்திய நேரம் பகல் 2 மணி. இறங்குவது இரவு 11.45, அதே தேதி. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 இருக்கிறதா என்று பார்த்து, கார் டிரைவருக்குத் தேதியோடு கிழமையையும் சேர்த்து "வெள்ளி இரவு முடிந்து சனி பிறந்து முக்கால் மணிக்கு" என்று எழுதி அனுப்புங்கள். அவர் புதுச்சேரியில் வண்டி எடுக்க வேண்டியது வெள்ளி இரவு 9.30 வாக்கில், விமானம் இறங்கிப் பெட்டியோடு நீங்கள் வெளியே வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.